பழைய தோட்ட டிராக்டரும் ஒரு நூல் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர்களைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் கியர் பெட்டி தேய்ந்துபோனால் பிற்காலத்துப் பெட்டி எதையாவது வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றும், அது ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் அதில் ஒரு பத்தி சொல்கிறது. அதை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுக்கிறவர் வீண் செலவில் மாட்டிக்கொள்வார் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மாற்றக்கூடாது என்பது என் வாதம் அன்று. நானே ஒரு வண்டிக்கு மாற்றிக் கொடுத்தவன்தான். எதை அளந்து, எதைக் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டதே என் குறை.

கோவையில் பல்சக்கரம் வெட்டும் பட்டறைகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் இந்தியானா மாநிலத்தின் வடபகுதியில் இருப்பதால், ஆறு மாத விசாவில் போய் ஜன்னல் வழியே ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த வீட்டுச் சிறையிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் ஓடாமல் நின்ற ஒரு சிவப்பு டிராக்டர். எனக்கு அவர் பேச்சு பாதிதான் புரியும், அவருக்கு என் ஆங்கிலம் பாதிதான் புரியும். கழற்றிய பேரிங்கை இருவரும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தபோது மட்டும் பேச்சே தேவைப்படவில்லை.

அந்த வண்டி வீல் ஹார்ஸ் நிறுவனத்தின் 854 என்ற மாடல். சிசில் பாண்ட் என்பவர் 1946இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஸ்டூடிபேக்கர் கார்கள் தயாரான அதே சவுத் பெண்ட் நகரத்தில்தான் இருந்தது. 1974இல் அதை அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது, 1986இல் டோரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. 854 என்ற எண்ணில் முதல் இலக்கம் 8 குதிரைத்திறனையும் கடைசி இலக்கம் 1964ஆம் ஆண்டையும் குறிக்கும். முன்னால் கோலர் நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சின், பின்னால் கியர், டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி), அச்சு மூன்றும் அடங்கிய ஒரே பெட்டி, இரண்டையும் இணைக்க ஒரு பெல்ட். வண்டியின் இழுவை முழுவதும் இவ்வளவுதான். கிளட்ச் என்று தனியாக ஒன்று கிடையாது. மிதியை அழுத்தினால் பெல்ட்டைத் தாங்கும் சிறு உருளை விலகி, பெல்ட் தளர்ந்துவிடும். நம் ஊர் மாவு மில்லைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்த ஏற்பாடு ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

பெட்டியின் அடியிலிருந்த திருகைக் கழற்றியபோது முதலில் தண்ணீர் வந்தது. அதன் பின்னால் மோர் நிறத்தில் எண்ணெய் வந்தது. கியர் தண்டு பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் உள்ள ரப்பர் உறை வெடித்துப் போனால், திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் மழைநீர் அந்தத் தண்டு வழியாகவே உள்ளே இறங்கிவிடும். இந்த வகை வண்டிகளுக்கு இது பழகிப்போன நோய். ஒரு சிறு ரப்பர் துண்டை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டதற்கு ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங்குகள் துருப்பிடித்துச் சிதைந்திருந்தன. பற்களின் முனைகளும் கரும்பை மென்று துப்பியதுபோல மழுங்கியிருந்தன. அதற்குக் காரணம் தண்ணீர் அன்று. இந்தப் பெட்டிகளில் பல்சக்கரமே தண்டின்மேல் நகர்ந்து மற்றொன்றோடு சேரும், நம் காரில் இருப்பதுபோல வேகத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு இல்லை. ஆகவே வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் கியர் மாற்ற வேண்டும். ஓட ஓட மாற்றினால் ஒவ்வொரு முறையும் பல்லில் ஒரு பொடி உதிரும். கட்டுரையாளர் புதியது என்று சொல்லும் பெட்டிகளிலும், அவை கியர் வகையாக இருந்தால், நிலைமை இதுவேதான். ஓட்டுகிறவரின் பழக்கம் மாறாவிட்டால் புதிய பெட்டியும் அதே கதிக்கு வரும்.

பழைய பெட்டியையே சரிசெய்திருக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். பேரிங்குகளும் சீல்களும் எண் சொன்னால் கடையில் கிடைக்கும் பொது அளவுகளே. பற்கள் மட்டும் கெடாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் பெரியவருக்கு வேறொரு தேவையும் இருந்தது. மிச்சிகன் ஏரியின் ஈரக்காற்று அந்தப் பகுதியில் கொட்டும் பனியை வாசலிலிருந்து அகற்றவும், வசந்த காலத்தில் காய்கறிப் பாத்திக்கு ரோட்டவேட்டர் ஓட்டவும் வண்டி ஆமைபோல நகர வேண்டும், அதே நேரத்தில் எஞ்சின் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். முன்னே 3, பின்னே 1 என்று கியர் உள்ள பழைய பெட்டியில் முதல் கியரே அந்த வேலைக்கு வேகம் அதிகம். அதே நிறுவனம் 1970களில் தந்த 8 கியர் பெட்டியில் அதே 3+1 அமைப்புக்கு மெதுவானதும் வேகமானதுமாக இரண்டு தளங்கள் உண்டு. அதாவது முன்னே 6, பின்னே 2. அந்த மெதுவான தளத்துக்காகத்தான் பெட்டியை மாற்றினோம். வண்டி புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அன்று. புதிய பெட்டி என்று சொல்லிக்கொண்டாலும் அதற்கே 45 வயதுக்கு மேல் ஆகிறது என்பது வேறு விஷயம்.

இங்கேதான் கட்டுரை சொல்லாமல் விட்டது தொடங்குகிறது. பெட்டி சட்டத்தில் பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சட்டத்தின் பின்பக்கப் பொருத்தத்தை மாற்றாமல் வைத்திருந்ததால், நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பழையதை இறக்கி, அதே துளைகளில் புதியதை ஏற்ற முடிந்தது. வெல்டிங் வைக்கவும் இல்லை, கட்டிங் சக்கரத்தைத் தொடவும் இல்லை. தளம் மாற்றும் இரண்டாவது சிறு தண்டு வெளியே வருவதற்கு மட்டும் இடம் பார்க்க வேண்டியிருந்தது. இப்படிப் பொருந்தியதைக் கண்டு வேலை முடிந்தது என்று இருவரும் காபி குடிக்கப் போனோம். முடியவில்லை.

பழைய பெட்டியின் அச்சு சரியாக 1 அங்குலம். புதியதன் அச்சு 1⅛ அங்குலம். நம் பட்டறைப் பேச்சில் ஓர் அங்குலமும் ஒரு நூலும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நுண்ணளவு காட்டும் வெர்னியரை வைத்தால்தான் புரியும். அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் ஹப் பழைய அச்சுக்கு உரியது என்பதால் புதியதில் ஏறாது. புதிய பெட்டியை விற்றவர் அதை ஹப் இல்லாமல் விற்றிருந்தார், நாங்களும் கேட்காமல் வாங்கிவிட்டோம். பழைய ஹப்பை லேத்தில் ஏற்றி ஒரு நூல் துளையைப் பெரிதாக்கலாமே என்று பெரியவர் சொன்னார். லேத்தில் பிழைத்த நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். துளை பெரிதானால் அச்சையும் ஹப்பையும் பூட்டும் கீ என்ற சிறு இரும்புத் துண்டுக்காக உள்ளே வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் குறையும், சுவரின் கனமும் குறையும், ஹப்பை அச்சோடு இறுக்கும் செட் ஸ்குரூவுக்கு மரை பிடிக்கும் நீளமும் குறையும். வண்டியின் முழு இழுவையும் அந்த ஒரு கீயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மெதுவான கியர் போட்டு அந்த இழுவையைக் கூட்டப் போகிற வண்டியில், அதைத் தாங்க வேண்டிய இடத்தை மெலிய வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

1⅛ அங்குல ஹப்கள் இரண்டும் பக்கத்து மாவட்டத்தில் ஒருவரிடம் கிடைத்தன, ஆனால் அவர் உதிரிக்காக வைத்திருந்த அச்சோடு சேர்ந்து. துருவில் ஒட்டிப்போன ஹப்பைக் கழற்றுவது என்பது தனி வித்தை. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும், அல்லது அந்த அதிர்ச்சி அச்சு வழியாக உள்ளே போய் டிஃபரென்ஷியலைக் கெடுக்கும். முதலில் செட் ஸ்குரூவைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டோம். மூன்றாம் நாள் ஹப்பை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி, இழுவை விறைப்பாக நிற்கும்படி திருகிவிட்டு, அப்படியே இரவு முழுவதும் விட்டோம். காலையில் ஹப்பைச் சுற்றி மட்டும் சூடு காட்டியபோது, யாரோ சொடக்குப் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான்கு நாள் காத்திருந்தோம். அச்சின் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கீயைப் புதிதாகப் போட்டு ஏற்றினோம். ஐந்து போல்ட் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் பழைய ரிம் அப்படியே ஏறியது.

அடுத்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது. புதிய பெட்டியின் பக்கவாட்டில் இருந்த புல்லியை அளக்காமல் விட்டேன். பழைய பெட்டியில் இருந்தது 9 அங்குலம், இதில் முந்தைய உரிமையாளர் தம் வசதிக்கு மாட்டியிருந்தது 7 அங்குலம். பெல்ட் ஓட்டத்தில் ஓட்டப்படும் புல்லி சிறியதானால் அது வேகமாகச் சுற்றும் என்பது மாவு மில்லில் வேலை செய்யும் பையனுக்கும் தெரியும், எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வண்டியின் பின்சக்கரம் 23 அங்குல விட்டம், அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 அடி. அச்சு நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 6.6 கிலோமீட்டர் போகும். 9 அங்குலப் புல்லியை 7 ஆக்கினால் அதே கியரில் அது 8.5 கிலோமீட்டர் ஆகிவிடும். எட்டரை என்பது ஒரு வேகமா என்று காரில் போகிறவர் சிரிக்கலாம். ஸ்பிரிங் இல்லாத, நான்கு சக்கரமும் நேராகச் சட்டத்தில் நிற்கும் வண்டியில், சரிவான புல்தரையில் அதை அனுபவித்துப் பார்த்தால் சிரிப்பு வராது. தவிர, வண்டியை நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடியதற்கு பிரேக்கின் சுமை ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. எந்த மெதுவான கியருக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதன் பயனில் ஒரு பகுதியை அந்த 2 அங்குலம் தின்றுவிட்டது.

இன்னொரு விளைவும் இருந்தது. புல்லி சிறியதானதால் அதே பெல்ட் 3 அங்குலத்துக்கு மேல் மிச்சமாகி, இறுக்கும் உருளை தன் எல்லை வரை போயும் பெல்ட் தொய்ந்தே இருந்தது. கியரில் போட்டு மிதியை விட்டால் எஞ்சின் மட்டும் சத்தம் போட்டது, வண்டி அசையவில்லை. பெட்டிதான் கெட்டது என்று நினைத்து அதை மறுபடியும் இறக்க இருந்தோம். நல்லவேளையாகப் பெரியவரின் மனைவி, பெல்ட் தளர்வாக இருக்கிறதே என்று கொட்டகை வாசலில் நின்றபடி சொன்னார். பழைய 9 அங்குலப் புல்லியையே மாற்றி மாட்டினோம், எல்லாம் சரியாயிற்று. சுமை மிஞ்சும்போது பெல்ட் சற்று வழுக்குவதைக் குறை என்று நினைத்து அளவுக்கு மேல் இறுக்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: அந்த வழுக்கல்தான் உள்ளே இருக்கும் பற்களுக்குக் காவல்.

பிரேக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. இந்த வண்டிகளில் பிரேக் சக்கரத்தில் கிடையாது, பெட்டியின் மறுபக்கத்தில் வெளியே நீட்டியிருக்கும் ஒரு சிறு டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை இறுக்குகிறது. ஆகவே பெட்டியை மாற்றினால் பிரேக்கும் மாறிவிடுகிறது. டிரம்மின் விட்டம், பட்டையின் நிலை, மிதியிலிருந்து வரும் கம்பியின் நீளம் மூன்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அந்தப் பிரேக் டிஃபரென்ஷியலுக்கு முன்னால் வேலை செய்வதால், ஒரு சக்கரம் தரையைவிட்டுத் தூக்கினாலோ ஒரு ஹப்பின் கீ அறுந்தாலோ மறுசக்கரத்துக்கும் பிடிப்பு இருக்காது. சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு ஒரு கட்டை வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

ஹைட்ரோஸ்டாட்டிக் பற்றிச் சில சொற்கள். அது புதுமையான நுட்பம் என்று கட்டுரை சொல்கிறது. வீல் ஹார்ஸ் நிறுவனமே 1965இல் 875 என்ற மாடலில் அதைக் கொடுத்துவிட்டது. பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி மோட்டார் ஒன்றைச் சுற்றவைக்கும் அந்த ஏற்பாட்டில், கியர் மாற்றும் தொல்லை இல்லாமல் ஒரே நெம்புகோலில் முன்னும் பின்னும் போகலாம். மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து புல் வெட்டுகிறவருக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போய்விடும். 16 குதிரைத்திறன் வண்டிக்கு அது பொருட்டில்லை, 8 குதிரைத்திறன் வண்டிக்கு ரோட்டவேட்டர் ஓட்டும்போது நன்றாகவே தெரியும். பல்சக்கரப் பெட்டியில் சற்று அழுக்கு எண்ணெய் இருந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஹைட்ரோ பம்பில் மிக நெருக்கமாகப் பொருந்திய பிஸ்டன்கள் இருப்பதால், தூசி புகுந்தால் கோடு விழும், கோடு விழுந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் வண்டி சூடேறியதும் மேடு ஏறாமல் நின்றுவிடும். ஈட்டன், சண்ட்ஸ்ட்ராண்ட் போன்ற நிறுவனங்களின் பழைய ஹைட்ரோக்களை, எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல், வெளியே பூசிய பெயின்டைப் பார்த்து வாங்குவது சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவதற்குச் சமம். கியர் பெட்டியை வாங்குகிறவர் மூடியைத் திறந்து விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பார்க்கலாம், அச்சைக் கையால் ஆட்டிப் பார்க்கலாம், பற்களை எண்ணலாம். ஹைட்ரோவில் ஓட்டிப் பார்க்காமல் எதுவும் தெரியாது, அதையும் சூடேறும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் கட்டுரை மறந்துவிட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கொண்டுவந்த கப் கேடட் வண்டி, ஃபார்மால் கப் என்ற தன் அண்ணன் டிராக்டரின் கியர்களைக் கடன் வாங்கியது. அதன் முதல் மாடலில் பெல்ட் இருந்தது, 1963இலிருந்து எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஷாஃப்ட் வந்துவிட்டது. ஆகவே அதில் புல்லியை மாற்றி வேகத்தைச் சரிக்கட்டும் வழியே கிடையாது, பெட்டிக்குள் இருக்கும் பல் கணக்கு எதுவோ அதுதான். ஜான் டீர் 110 வண்டியில் புல்லியே விரிந்து சுருங்கி வேகத்தை மாற்றும். அங்கே பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் புல்லி அமைப்பைக் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான் நடந்ததாக அர்த்தம். ஒரே நிறுவனத்தின் பொருத்தம் மாறாத வரிசைக்குள் மாற்றுவதற்கும், ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் சட்டத்தில் அறுத்து ஒட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது. பின்னதைச் செய்கிற கெட்டிக்காரர்கள் இல்லாமல் இல்லை. அறுத்த சட்டம் திரும்ப வராது என்பதால் அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பழைய வண்டியின் மூலத் தன்மையைக் கெடுப்பதாக இந்த மாற்றத்தைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. அவர்களின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டிய வண்டியாக இருந்தால் நானும் அவர்கள் பக்கமே நிற்பேன். ஆனால் இது பனி தள்ள வேண்டிய வண்டி. மேலும் நாங்கள் செய்த எதுவும் மீட்க முடியாதது அன்று. நான்கு போல்ட், இரண்டு ஹப், ஒரு புல்லி, ஒரு பிரேக் கம்பி. ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் 1964ஆம் ஆண்டு வண்டி எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிவிடலாம்.

ஆகவே, வாசகர்களில் சிலராவது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இப்படி ஒரு வண்டியைக் கண்டு ஆசைப்படக்கூடும் என்பதால், அச்சின் விட்டம், புல்லியின் அளவு, பிரேக் டிரம் ஆகிய மூன்றையும் அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பையும், ஹைட்ரோஸ்டாட்டிக் பற்றிய திருத்தத்தையும் தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

கழற்றிய பழைய பெட்டியைப் பெரியவர் விற்கவில்லை. உள்ளே கழுவி, பற்களும் பேரிங்குகளும் பிறகு கிடைக்கும்போது போடலாம் என்று 90ஆம் நம்பர் எண்ணெய் நிரப்பி, தண்டு இறங்கும் துளையை ரப்பரால் அடைத்து, கொட்டகையின் மூலையில் மரப்பலகைமேல் வைத்திருக்கிறார். அதன் கழுத்தில் கட்டியிருக்கும் அட்டையில், எந்த வண்டியிலிருந்து, எந்த நாளில் கழற்றினோம், அச்சு எத்தனை, புல்லி எத்தனை என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் அவர் எழுதியதன் கீழே, மறந்துபோகக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால், "ஒரு நூல் குறைவு" என்று நான் தமிழில் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோயம்புத்தூர்.